கொழும்பில் புயலும் இடிமழையும்: எந்த வீட்டுக்கு எந்த ஆயத்தம்?

வெள்ளவத்தைவாசி:

அனைவருக்கும் வணக்கம். சித்திரை மாதத்துப் பிற்பகல் இடிமழை தொடங்கிவிட்டது. அடுத்து வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வரும். ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும். 2025 நவம்பரில் டித்வா புயல் கிழக்குக் கரையால் நாட்டுக்குள் நுழைந்து 600க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த பின்னரும், "கொழும்புக்குப் புயல் வருவதில்லை" என்று நம்மவரில் பலர் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் வசிக்கிறோம். அம்மா மட்டக்களப்பைச் சேர்ந்தவர். காற்றுச் சற்று உரத்தாலே யன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு அனைவரையும் நடுவறைக்கு வரச் சொல்வார். தங்கையின் குடும்பம் கைக்குழந்தையுடன் வெல்லம்பிட்டியில், களனி கங்கைக்குக் கிட்ட இருக்கிறது. இந்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது என்பது விளங்குகிறது. எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதுதான் விளங்கவில்லை. கைத்தொலைபேசியில் சுற்றி வரும் பட்டியல்கள் பல வேறு நாட்டாருக்காக எழுதப்பட்டவை போலத் தோன்றுகின்றன. அவற்றில் ஒன்று நிலக்கீழ் அறைக்குப் போகச் சொல்கிறது. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளம் வாகனத் தரிப்பிடம். பெருமழைக்கு முதலில் நீர் நிரம்புவதே அங்கேதான்.

அனுபவமும் துறையறிவும் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

மட்டுநகரான்:

உங்கள் அம்மா சொல்வதில் தவறில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்கள் காற்றின் ஓசையை மறக்கமாட்டார்கள். அன்று ஓட்டுக் கூரைகளும் தகரங்களும் பறந்து வந்து வெட்டியதாலும், தென்னைகள் முறிந்து வீடுகளின் மேல் விழுந்ததாலும், சுவர்கள் சரிந்ததாலும் எத்தனையோ பேர் இறந்தார்கள். அந்த இரவைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவற்றில் ஒன்றை இங்கே பதிய வேண்டும். புயலின் மையப்பகுதி, அதாவது கண், ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென்று அடங்கும். வானம்கூடச் சற்று வெளிக்கும். முடிந்துவிட்டது என்று எண்ணி அயலவரைப் பார்க்க வெளியே இறங்குபவர்கள், சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்பி வரும் காற்றில் அகப்படுவார்கள். நமது பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதனால் கண்ணுக்கு இப்புறம் வீசும் காற்றும் அப்புறம் வீசும் காற்றும் ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. காற்று திடீரென்று நின்றால், வானொலி சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது.

ஆனால் அம்மாவின் அச்சத்தைக் கொழும்புக்கு அப்படியே கொண்டுவருவது சரியா என்பது எனக்கு ஐயம். காற்று மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டிய பின்னர்தான் ஒரு தாழமுக்கத்துக்குப் புயல் என்று பெயரிடுகிறார்கள். கிழக்கில் கரையேறும் புயல் மத்திய மலைநாட்டைத் தொட்டுக் கடக்கையில் பெரும்பாலும் வலுக் குன்றிவிடும். ஆகவே மேற்குக் கரையில் அதன் காற்றைவிட அது கொண்டுவரும் மழையே பெரிய பகை. 2016 மே மாதத்து ரோனு, புயல் என்று பெயர் பெறுவதற்கு முன்னரே, நம் கரையை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்த நாட்களில்தான் அரநாயக்காவில் மலை சரிந்தது. கொழும்பை அடுத்த கொலன்னாவையும் கடுவெலவும் நீரில் மூழ்கின. அடுத்த ஆண்டு மே மாதத்து மோரா இலங்கையை நெருங்கவே இல்லை. அது பங்களாதேஷுக்குப் போன புயல். ஆயினும் அது உருவான காலத்தில் பருவக்காற்று வலுத்துப் பெய்த மழையினால் தென்மேற்கில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வரைபடத்தில் புயற்சின்னம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுப்பதைக் கொழும்புவாசிகள் கைவிட வேண்டும்.

கங்கைக்கரையான்:

மேலே எழுதியவரின் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன். நான் பல ஆண்டுகளாக களனி கங்கையின் கரையில் இருப்பவன். வெல்லம்பிட்டித் தங்கைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: உங்கள் வீட்டுக்கு மேலே உள்ள வானத்தைப் பார்க்காதீர்கள், ஆறு இறங்கி வரும் மலைப்பக்கத்துக் கிதுல்கலவுக்கும் தெரணியகலவுக்கும் மேலே உள்ள வானத்தைப் பாருங்கள்.

களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கத்திலிருந்து இறங்கி ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மலையில் பெய்த மழை கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல ஆகிய நீர்மட்ட அளவீட்டு நிலையங்களைத் தாண்டி இறங்கி நம்மிடம் வந்து சேரப் பல மணி நேரமாகும். உச்ச மட்டம் கொழும்பிலுள்ள நாகலகம் வீதி அளவீட்டு நிலையத்தை எட்டுவதற்குச் சில வேளைகளில் ஒரு நாளுக்கும் மேலாகும். எனவே கொழும்பில் மழை விட்டு, வெயில் எறித்து, மக்கள் துணி காயப்போடும் நேரத்தில்தான் ஆறு ஏறுகிறது. 2016இலும் 2025இலும் எங்கள் பகுதியில் பலர் ஏமாந்தது இதனால்தான். மழை நின்றுவிட்டதே என்று முகாமிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்களும் இருந்தார்கள்.

நீர்ப்பாசனத் திணைக்களம் இந்த அளவீட்டு நிலையங்களின் நீர்மட்டங்களை வெளியிடுகிறது. வெள்ள நாட்களில் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வெளியிடும். நாகலகம் வீதியில் மட்டம் இன்றும் அடியில்தான் சொல்லப்படுகிறது: 4 அடி என்றால் எச்சரிக்கை, 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். டித்வாவின்போது அது 8 அடியைக் கடந்தது. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டு வாசற்படியில் தண்ணீர் ஏறிய நாளில் நாகலகம் வீதியில் எத்தனை அடி இருந்தது என்பதை அயலில் நெடுங்காலம் இருப்பவர்களிடம் கேட்டு, அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த எண் வேறாக இருக்கும். திணைக்களம் அந்த எண்ணைச் சொல்லித்தராது.

உங்கள் வீடு களனிக் கரையோர வெள்ளத்தடுப்பு அணைக்கட்டுக்கு ஆற்றுப் பக்கமாக இருக்கிறதா, நகரப் பக்கமாக இருக்கிறதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நகரப் பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கள் தப்பினோம் என்று எண்ணுவார்கள். ஆற்று மட்டம் உயர்ந்தால் ஆற்றுநீர் கால்வாய்களுக்குள் பின்னோக்கிப் புகாதபடி மதகுகளை மூட வேண்டியிருக்கும்; மூடினால் நகருக்குள் பெய்த மழைநீருக்கும் வெளியேற வழியிருக்காது; பம்பிகள் இறைக்கும் அளவுக்குத்தான் வடியும். ஆகவே கங்கை பெருகியிருக்கும் நாளில் நகருக்குள்ளும் கனமழை பெய்தால், ஆற்றையே கண்டிராத ஒழுங்கைகளிலும் முழங்கால் அளவு நிற்கும்.

இனி, எப்போது வெளியேறுவது? கைக்குழந்தை உள்ள வீடு எச்சரிக்கை மட்டத்திலேயே, பகல் வெளிச்சத்திலேயே, தெருவில் முச்சக்கரவண்டி ஓடும்போதே வெளியேற வேண்டும். வள்ளத்துக்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிட்டால் அப்போது முடிவெடுப்பவர் நீங்கள் அல்லர். ஓடும் நீர் 15 சென்ரிமீற்றர் உயரம் இருந்தாலே நிற்பவரின் காலை வாரக்கூடும். 30 சென்ரிமீற்றரில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும். கலங்கிய நீருக்கடியில் மூடி கழன்ற வடிகால் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்:

எல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் வேறு மாதிரி இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை முறை மஞ்சள், எத்தனை முறை செம்மஞ்சள் எச்சரிக்கை வருகிறது? அதில் பாதி நாட்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தூறலும் இருக்காது. ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டினால் தொழில் என்னாவது? அத்துடன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டு. சென்ற வெள்ளத்தில் எங்கள் உறவினர் வீடொன்றில் நீர் வந்து கெடுத்ததைவிடத் திருடர் வந்து எடுத்தது அதிகம். இதனால்தான் ஆண்கள் பின்தங்குகிறார்கள். பாதுகாப்பு அறிவுரை கூறுபவர்கள் இந்த இரண்டையும் தொடுவதே இல்லை.

மேல்மாடி உள்ளவர்கள் மேலே ஏறி இருந்தால் போதாதா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கங்கைக்கரையான்:

கணக்கர் ஐயா, திருட்டைப் பற்றிய அச்சம் நியாயமானது. அதை அற்பமென்று சொல்பவன் வெள்ளத்தில் வீட்டை விட்டுப் போயிராதவன். எங்கள் ஒழுங்கையில் நாங்கள் செய்தது என்னவென்றால், கொங்கிரீட் தளமிட்ட இரண்டு மாடி வீடொன்றின் மேல்மாடியில் நீந்தத் தெரிந்த, நோயற்ற சிலர் மட்டும் ஒன்றாகத் தங்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தனித்தனியே பின்தங்குவதைவிட அது பல மடங்கு மேல். கிராம உத்தியோகத்தருக்கு அவர்களுடைய பெயர்களைக் கொடுத்திருந்தோம். நகை, காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு ஆகியவை பொலித்தீன் உறையில் குடும்பத்தாரோடு முதலிலேயே போய்விட்டால், பின்தங்குவதற்கான காரணத்தில் பாதி இல்லாமற் போகும்.

மேல்மாடியைப் பற்றி: எங்கள் பக்கத்தில் நீர் பெரும்பாலும் மெல்லத்தான் ஏறும், உறுதியான தளமுள்ள வீட்டில் மேலே ஏறினால் உயிருக்கு உடனடி ஆபத்துக் குறைவு. ஆனால் அது ஓர் இரவோடு முடிவதில்லை. களனி வெள்ளம் நாட்கணக்கில் நிற்கும். மலசலகூடக் குழி நிரம்பிவிடும்; குழாயில் நீர் நிற்கும்; மின்சாரம் இராது. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் அதே களனி கங்கையிலிருந்து எடுக்கப்படுவது என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தை, முதியவர், கருவுற்ற பெண், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கு மேல்மாடி தீர்வாகாது. மலைச்சரிவில் கட்டிய வீட்டாருக்கோ மேல்மாடி பற்றிய பேச்சே பொருந்தாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு மண்சரிவு அறிவித்தல் விடுத்தால், அதாவது மூன்றாம் நிலை என்றால், வெளியேற வேண்டும். அவ்வளவே.

எச்சரிக்கை பொய்த்துப்போகிறது என்பதற்கும் ஒரு விடை உண்டு. மஞ்சளுக்கு யாரும் மூட்டை கட்டச் சொல்லவில்லை. மஞ்சள் என்றால் விழித்திரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் செயற்படு. மஞ்சள் நாளில் நீங்கள் செய்ய வேண்டியது கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவதும் கூரைப் பீலியில் அடைத்த சருகை எடுப்பதுமே.

ஓய்வுபெற்ற மின்னியலாளர்:

நீர் வரும்போது மின்சாரத்தினால் இறப்பவர்களைப் பற்றி யாரும் இன்னும் எழுதாததனால் நான் எழுதுகிறேன். என் தொழிற்காலம் முழுவதும் கொழும்பு வீடுகளின் மின்கம்பி வேலையில் கழிந்தது.

நீர் வாசலுக்கு வருவதற்கு முன்னரே பிரதான ஆளியை நிறுத்துங்கள். நீர் உள்ளே வந்துவிட்டதென்றால், நீரில் நின்றுகொண்டு ஆளியைத் தொடச் செல்லாதீர்கள். இலங்கை மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைத்து வெளியிலிருந்து துண்டிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாகவே விழுந்து துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வழமையாக 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழ வேண்டியது. அது விழுகிறதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துத்தான் அறியலாம். அந்தப் பொத்தானை வீடு கட்டிய நாளிலிருந்து ஒரு முறையேனும் அழுத்தாதவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். இன்னும் மோசமாக, அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது என்று அதை நீக்கி நேரடியாகக் கம்பி இணைத்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அடிக்கடி விழுகிறதென்றால் வீட்டில் எங்கோ கசிகிறது என்பதே பொருள்.

வீதியில் அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பத்து மீற்றருக்குள் செல்ல வேண்டாம். அது தேங்கிய நீருக்குள் கிடந்தால் அந்த நீர் முழுவதையும் கம்பியாகவே கருதுங்கள். மரக்கிளையோடு சேர்ந்து விழுந்த கம்பியை, கிளையை இழுத்து ஒதுக்கலாம் என்று ஊர் இளைஞர்கள் முயல்வது வழக்கம்; ஈரமான கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

இப்போது பல கூரைகளில் சூரியத் தகடுகள் இருக்கின்றன. சபையின் மின்சாரம் நின்றாலும் வெளிச்சம் உள்ளவரை தகட்டிலிருந்து இறங்கும் கம்பிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். நீரில் மூழ்கிய இன்வேட்டரைத் தொழில்நுட்பவியலாளர் வரும்வரை எவரும் தொடக் கூடாது.

மின்பிறப்பாக்கியை வரவேற்பறையிலும் மூடிய விறாந்தையிலும் வைத்து ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை, உறக்கத்திலேயே கொன்றுவிடும். வெளியே, யன்னல்களிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

தொடர்மாடிக்காரருக்கு: இடியும் மின்தடையும் உள்ள நேரத்தில் மின்தூக்கியில் ஏறாதீர்கள். பம்பி நின்றால் கூரைத் தாங்கியில் உள்ள நீர்தான் எல்லா வீட்டுக்கும் எஞ்சும். மழை எச்சரிக்கை நாளில் இரண்டு வாளி நீர் பிடித்து வைப்பதற்குச் சோம்பல் வேண்டாம். நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் காரை எடுக்க, நீர் உள்ளே புகுந்துகொண்டிருக்கும்போது ஓடுவது முற்றிலும் தவறு. சரிவுப் பாதையால் நீர் புகுந்தால், கீழே இருப்பவர் மேலேறுவதற்குள் வழி அடைபடும். எச்சரிக்கை வந்தவுடனேயே காரை மேட்டுப் பக்கத்து வீதியில் நிறுத்திவிடுங்கள், மரத்தடியைத் தவிர்த்து.

களனிப் பல்கலை மாணவன்:

ஐயா, மின்னலைப் பற்றிக் கேட்க வேண்டும். இடிக்கும்போது கைத்தொலைபேசியில் பேசினால் மின்னல் இழுக்கும் என்று வீட்டில் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். அது உண்மையா?

ஓய்வுபெற்ற மின்னியலாளர்:

தம்பி, கைத்தொலைபேசி மின்னலை இழுப்பதில்லை. அதை மின்னேற்றியில் செருகியபடி காதில் வைத்துப் பேசுவதுதான் ஆபத்து, ஏனெனில் மின்னலின் அதிர்வு வீட்டுக் கம்பி வழியாக உங்களிடம் வரும். கம்பியுள்ள பழைய தொலைபேசிக்கும் அதே விதி. இடியின்போது குளிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் நிறுத்தி வைக்கச் சொல்வது குழாய்கள் வழியாகவும் அது வரக்கூடும் என்பதனால். ட்ரிப் சுவிட்ச் உங்கள் தொலைக்காட்சியை மின்னலிலிருந்து காப்பாற்றாது. செருகியைக் கழற்றுவதே வழி. அதையும் முதல் இடி கேட்பதற்கு முன்னரே செய்ய வேண்டும். மின்னல் தலைக்கு மேலே இருக்கும்போது செருகியில் கை வைக்கப் போகாதீர்கள்.

நமது நாட்டில் மின்னல் மிகுந்த காலங்கள் இரண்டு: பங்குனி, சித்திரையை ஒட்டியது ஒன்று, ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியது மற்றது. இரண்டிலும் காலை வெயில் கொளுத்தி, மதியம் தாண்டிய பின் முகில் திரண்டு, பிற்பகலில் இடிக்கும். பாடசாலை விளையாட்டுப் பயிற்சியும் காலிமுகத்திடல் உலாவும் அதே நேரத்தில்தான் நடக்கின்றன. மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். முப்பது நொடிக்குள் கேட்டால் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உள்ளே போக வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வர வேண்டாம். கொங்கிரீட் கட்டடமும் கண்ணாடிகள் மூடிய உலோகக் காரும் நல்லவை. சீலைக் கூரை போட்ட முச்சக்கரவண்டி, தகரக் கொட்டில், தனி மரம், மொட்டைமாடி ஆகியவை கூடா.

மின்னல் தாக்கி விழுந்தவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று பலர் விலகி நிற்கிறார்கள். அவர் உடலில் மின்சாரம் தங்கியிராது. மூச்சில்லையெனில் 1990க்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்தத் தொடங்குங்கள். மின்னலடி பட்டவர்கள் உடனடி உதவியினால் பிழைப்பது உண்டு.

பொரளைத் தாதி:

மேலே ஐயா எழுதிய கடைசிப் பகுதியை அனைவரும் இருமுறை வாசிக்க வேண்டும்.

நான் எழுத வந்தது புயல் போன பின்னர் வருவதைப் பற்றி. வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு ஓரிரு வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்கு வந்து "வெள்ளத்தில் நடந்தேன்" என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையை விரைவுபடுத்தும். தடுப்பு மருந்தாகத் தரப்படும் டொக்ஸிசைக்ளினை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி விழுங்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ வைத்தியரிடமோ கேளுங்கள். கருவுற்ற பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது உகந்ததன்று. நீர் வடிந்து ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு நுளம்பின் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் பரசிற்றமோல் தவிர இபுபுரூஃபனோ அஸ்பிரினோ கொடுக்காதீர்கள்.

வெள்ளவத்தையில் அம்மாவுக்கு நீரிழிவு இருந்து இன்சுலின் போடுகிறாரானால், மின்சாரம் நின்றவுடன் பதற வேண்டாம். பாவனையில் உள்ள இன்சுலினை வெயிலும் வெப்பமும் படாமல் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ நான்கு வாரம் வைக்கலாம். திறக்காதவைக்கே குளிர் தேவை; குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் வரை அதன் குளிர் நிற்கும். பனிக்கட்டியோடு ஒட்டி உறையவிட்டால் இன்சுலின் கெட்டுவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தங்கைக்கு: குழந்தை தாய்ப்பால் குடிப்பதானால் முகாமிலும் அதையே தொடருங்கள். வெள்ள நாட்களில் மாவும் போத்தலும் கரைக்கும் நீரும் சுத்தமாக இருக்கும் என்று நம்ப முடியாது. வீட்டுக்குத் திரும்பும்போது பெரியவர் ஒருவர் சப்பாத்து அணிந்து முதலில் போகட்டும். அலுமாரிக்கடியிலும் மெத்தைக்கடியிலும் பாம்பு இருக்கலாம். கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை அந்த நீரில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம்.

புளொட்ஸ் லேன் பாதசாரி:

கொழும்பு நகருக்குள் இருப்பவர்களுக்கு ஆற்றைவிட மரம் கிட்டவாக இருக்கிறது என்பது என் கருத்து. 2023 ஒக்ரோபர் 6ஆம் திகதி காலை கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபைப் பேருந்தின் மேல் பெருமரம் சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அன்று புயல் எதுவும் இல்லை. தொடர்ந்து பெய்த மழையில் மண் இளகியிருந்தது. நமது வீதியோர மாரா மரங்கள் முதியவை. கொப்புகள் அகன்று பரந்தவை. அவற்றின் வேர்களோ நடைபாதைக்கும் வடிகாலுக்கும் கேபிள் குழிக்கும் என்று வெட்டப்பட்டவை. மழைக்கு ஒதுங்க எவரும் முதலில் தேடுவது அவற்றின் அடியைத்தான்.

அடிமரம் புதிதாகச் சாய்ந்திருத்தல், வேர்ப்பக்கத்து மண் ஒரு புறம் வெடித்தோ மேலெழும்பியோ இருத்தல், அடியில் காளான் கூட்டமாக முளைத்தல் ஆகியவற்றைக் கண்டால் படமெடுத்து மாநகர சபைக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கோப்பில் ஏறாது. காற்று நாளில் பேருந்துக்கு மரமில்லாத நிறுத்தம் வரை ஐந்து நிமிடம் கூடுதலாக நடப்பது என் வழக்கம், நண்பர்கள் சிரிப்பார்கள்.

தொடர்மாடிக்காரர் தமது பல்கனியையும் பார்க்க வேண்டும். பூச்சட்டி, துணிக் கொடி, பிளாஸ்ரிக் கதிரை, செய்மதித் தட்டு ஆகியவை ஐந்தாம் மாடியிலிருந்து விழுந்தால் கீழே போகிறவருக்கு அதுவே புயல்.

மட்டுறுத்துநர்:

உறுப்பினர்கள் பயன் கருதி இலக்கங்களை ஓரிடத்தில் இடுகிறேன்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்பியுலன்ஸ் 1990, பொலிஸ் 119, கொழும்புத் தீயணைப்பு 110, மின்சார சபை 1987. பகிரப்படும் எச்சரிக்கைப் படங்களில் வெளியிட்ட திகதியும் நேரமும் இருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே இங்கே ஒட்டுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பழைய சிவப்பு அறிவித்தல் ஒன்றை நேற்று ஒருவர் பதிந்ததனால் அதை நீக்கினோம். தமிழில் கைமாறி வரும் அறிவித்தல்கள் சில வேளைகளில் பல மணி நேரம் பிந்தியவையாக இருப்பதனால் நேரத்தைப் பார்ப்பது நமக்கு இன்னும் அவசியம்.

வெள்ளவத்தைவாசி:

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு தங்கையோடும் மைத்துனரோடும் இருந்து பேசினோம். அவர்களுடைய வாசலுக்கு நீர் வந்தது நாகலகம் வீதியில் 6 அடியைத் தாண்டிய பின்னர் என்று அயல்வீட்டு முதியவர் சொல்கிறார். எனவே 4 அடி அறிவிக்கப்பட்டு, ஹங்வெல்லவிலும் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால், தங்கையும் குழந்தையும் அன்றே பகலில் எங்களிடம் வருவது என்று முடிவு செய்தோம். மைத்துனர் ஒரு நாள் பிந்தி வருவாராம். அதில் எனக்கு உடன்பாடில்லை, எனினும் அயலில் மாடிவீடு உள்ளவரோடு பேசியிருக்கிறார். ட்ரிப் சுவிட்சின் பொத்தானை இரண்டு வீட்டிலும் அழுத்திப் பார்த்தோம். எங்கள் வீட்டில் விழுந்தது; தங்கை வீட்டில் விழவில்லை. இந்தக் கிழமைக்குள் மாற்றுகிறார்கள்.

ஒரே ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கடும் காற்றின்போது கடற்பக்கத்துப் பெரிய கண்ணாடி யன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் அழுத்தம் சமப்பட்டு உடையாது என்று கட்டடக் காவலாளி சொல்கிறார். அம்மா அடைக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

மட்டுநகரான்:

அம்மா சொல்வதே சரி. யன்னலைத் திறந்தால் உள்ளே புகுந்த காற்று வெளியேற வழி தேடி மற்றக் கதவுகளையும் யன்னல்களையும் உள்ளிருந்து தள்ளும். தகரக் கூரை வீடானால் கூரையையே கிளப்பும். அடைத்துக் கொளுவியிட்டு, தடித்த திரையை இழுத்து மூடி, கட்டிலை அந்தக் கண்ணாடிக்கு எதிரே இருந்து நகர்த்திவிடுங்கள். கண்ணாடியில் நாடாவைக் குறுக்காக ஒட்டுவதால் பயனில்லை. உடைந்தால் பெரிய துண்டுகளாகச் சேர்ந்து விழும் என்பதுதான் அதன் விளைவு. நடுவறையில் இருக்கச் சொல்கிறாரே, அங்கே யன்னல் இல்லையென்றால் அதன்படியும் செய்யுங்கள்.